காப்பு என்று பெயர் வைத்த பெட்டி

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துவதென்றால் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு மூன்று பெயர்களை எழுதி, எது தேறும், எது தேறாது என்று காரணமும் சொல்லி ஒரு பக்கத்தில் முடித்திருக்கலாம். அதற்கு நான் வேண்டியதில்லை. அந்த ஒப்பீடுகள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. நான் சொல்வதைவிடத் தெளிவாகவே இருக்கின்றன. அதனால் நான் ஒரு முறை தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், நான் வேலையை விட்டு வீட்டில் இருப்பவன். என்னைப் பற்றி நல்லபடியாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. இதைப் படித்த பிறகு அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் கணினிப் பிரிவில் இருந்தேன். கீழ்த் தளங்களில் வியாபாரம், உச்சித் தளத்தில் அலுவலகம். பிரிவு என்று பெயர்தானே தவிர, நானும் மோகனும் இரண்டே பேர். மோகன் மயிலாப்பூர்க்காரன், என் வயதுக்காரன், என்னைவிடப் பொறுமைசாலி. பில் போடும் இயந்திரம் மக்கர் செய்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், முதலாளி வீட்டு டி.வி.யில் படம் தெரியாவிட்டாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கடை இரண்டு சகோதரர்களுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். மூத்தவர் கொள்முதலுக்காக எப்போதும் வெளியூரில் இருப்பார். நிர்வாகம் இளையவர் கையில். கடையில் எல்லோருக்கும் அவர் சின்ன அண்ணாச்சி. அதட்டிப் பேசுகிறவர் இல்லை. கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் தானே புடவை மடித்துக்கொண்டிருப்பார்.

ஒரு தீபாவளிக்கு முன் நாங்கள் மெயிலில் படம் அனுப்பி நெய்யக் கொடுத்திருந்த புதிய புடவை பார்டர் ஒன்று, எங்கள் கடைக்கு வருவதற்கு முன்பே அதே தெருவில் இன்னொரு கடையின் கண்ணாடிக்குள் தொங்கியது. சின்ன அண்ணாச்சி அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம மெயிலெல்லாம் எங்க சார் இருக்கு?"

வெளியே ஒரு நிறுவனத்தின் சர்வரில், வாடகைக்கு, என்றேன்.

"நம்ம சரக்கு அடுத்தவன் குடோன்ல கெடக்க மாதிரில்லா இருக்கு. நம்ம எடத்துலயே வச்சிக்கிட முடியாதா? உக்காருங்க சார், நின்னுக்கிட்டே இருக்கீங்க."

அந்த அறையில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து ஒயர் மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. சொந்த சர்வர், அதற்கென்று ஒரு குளிர்சாதன அறை, அதன் சாவி என்னிடம். வைத்துக்கொள்ளலாம் அண்ணாச்சி, ஒரு மாதம் கொடுங்கள் என்றேன்.

நானும் மோகனும் இரண்டு மென்பொருள்களை ஆளுக்கொன்றாகச் சோதித்துப் பார்த்தோம். மோகன் சோதித்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வருவது. ஊழியர்களே தங்கள் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். என்னுடையது பகுதி பகுதியாக நாமே பொருத்திக்கொள்ள வேண்டியது. இரண்டுமே நல்லவை. உள்ளதைச் சொன்னால் மோகனுடையதுதான் எங்கள் கடைக்குப் பொருத்தம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மெயில் என்றால் பயப்படுகிறவர்கள். அவர்களுக்கு அது சுலபமாக இருந்தது. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அதையே சொல்லலாம் என்ற முடிவோடுதான் அடுத்த முறை அண்ணாச்சியின் அறைக்குப் போனேன்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவர் கேட்டார். "ஒண்ணு கேக்கேன் சார். ஆபீஸ்லேர்ந்து போற மெயிலு, வர்ற மெயிலு, எல்லாத்துலயும் ஒரு காப்பி எனக்கு வர்ற மாதிரி வைக்க முடியுமா? அவங்களுக்குத் தெரியாம."

"முடியும் அண்ணாச்சி."

விடை தெரிந்த பையன் வகுப்பில் கை தூக்குவானே, அப்படிச் சொன்னேன். யோசித்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை. முடியுமா என்றார், முடியும். தொழில் தெரிந்தவன் என்பதைக் காட்ட எனக்கு ஒரு வாய்ப்பு. அது எத்தனை பேருடைய கடிதம் என்பது அந்த நிமிஷத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை.

எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஏறியது. மோகன் சோதித்த மென்பொருளில் யாருடைய பெட்டிக்காவது நகல் வைத்தால், அந்த ஆளின் அமைப்புப் பக்கத்திலேயே 'இந்தப் பெட்டியின் கடிதங்கள் நகலெடுக்கப்படுகின்றன' என்று ஒரு வரி தெரியும். அதை மறைக்க வழி இல்லை. என்னுடையதில் சர்வரின் வயிற்றுக்குள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

என்னுடையதைத் தேர்ந்தெடுத்தேன்.

மோகன் கேட்டான். "ஏன் பாலு? போன வாரம்தானே என்னுதே பரவாயில்லன்னு சொன்னே?"

குப்பைக் கடிதங்களை வடிகட்டுவதில் என்னுடையது கெட்டி என்றேன். பழைய இயந்திரத்திலேயே ஓடும் என்றேன். பாதுகாப்புத் திருத்தங்கள் சீக்கிரம் வருகின்றன என்றேன். இன்னும் ஒன்று சொன்னேன், மறந்துவிட்டது. எல்லாம் உண்மை. ஒன்றில்கூட அவன் என்னை மடக்கியிருக்க முடியாது. சரி என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். மெயில் முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன், பில்லிங் நீ பார்த்துக்கொள் என்று வேலையையும் பிரித்துக்கொண்டேன்.

நீங்களும் ஒப்பீடுகள் எழுதுவீர்கள். வேகம், செலவு, பாதுகாப்பு என்று வரிசையாக எழுதி அதன்படி முடிவெடுத்ததாகக் காட்டுவீர்கள். அதை எழுதி முடித்ததும், சக ஊழியரிடம் சொல்ல முடியாத ஒரு காரணம் உங்கள் வயிற்றில் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், முடிவை எடுத்தது அந்தக் காரணம்தான். மற்றதெல்லாம் அதன் மேல் போர்த்திய துணி.

நகல் விழும் பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு உறுத்தக் கூடாது. 'காப்பு' என்று வைத்தேன். பொருத்தமான பெயர் என்று அப்போது கொஞ்சம் மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பெட்டியை நான் திறந்து படித்ததில்லை. இதை என் நற்குணத்துக்குச் சாட்சியாகச் சொல்லவில்லை. படித்திருந்தால் வரப்போவது முன்பே தெரிந்திருக்கும். படிக்காததால் என் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்தவர்கள். கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களுக்கு விடுதி. அதற்குப் பொறுப்பாளர் மரகதம். கோவில்பட்டிப் பக்கம். கணவர் இல்லை, குழந்தை இல்லை, விடுதியிலேயே ஒரு அறையில் இருந்தார். அலுவலகத்துக்கு அரிசிக் கணக்கு, காய்கறிக் கணக்கு கொடுக்க வரும்போதெல்லாம் கணக்குப் பிரிவில் ஷகிலாவின் மேஜைக்குப் பக்கத்தில்தான் உட்கார்வார். ஷகிலா ராயப்பேட்டைப் பெண். மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஷகிலாவின் மகள் மரகதத்தைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். புடவை எடுக்க நீதான் வரவேண்டும் அக்கா, பச்சையா அரக்கா நீயே முடிவு செய் என்று ஷகிலா சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் அறை வரைக்கும் கேட்கும்.

விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்பது சட்டம். எங்கள் கடையில் நாற்காலிகளும் வாங்கியிருந்தார்கள். அவை மடித்த மேனிக்குக் கிடங்கில் கிடந்தன. சாயங்காலம் விடுதிக்கு வரும் பெண்களுக்குக் காலில் வெந்நீர் ஊற்றிவிடுவது மரகதத்தின் அன்றாட வேலையாகிவிட்டது. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், தனக்குத் தெரிந்த ஒரு பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவருக்கு மெயில் எழுதினார். மரகதம் சொல்லச் சொல்ல, அலுவலக மெயிலில் ஷகிலா தட்டினார். வந்து பாருங்கள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று எழுதினார்கள். இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த அமைப்பினர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தபோது ஒவ்வொரு தளத்திலும் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பெண்கள் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நாற்காலிகள் மறுபடி கிடங்குக்குப் போய்விட்டன. சின்ன அண்ணாச்சி மரகதத்தைக் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லையாம். "காலு வீங்குதுன்னு எங்கிட்ட சொன்னா நான் பாக்க மாட்டனா? ஊருக்கெல்லாம் எழுதணுமா?" என்று கேட்டாராம். வெந்நீர் ஊற்றுகிற விஷயத்தையும் மரகதம் எழுதிய வார்த்தைகளிலேயே சொன்னாராம். விடுதிப் பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த கிடங்குக்கு மரகதத்தை மாற்றினார்.

போவதற்கு முன் மரகதம் எங்கள் அறைக்கு வந்தார். கையில் ஒரு பை. மோகன் கீழே போயிருந்தான்.

"சார், ஒரு சந்தேகம். நாம எழுதுற மெயில வேற யாரும் படிக்க முடியுமா?"

என் கை விசைப்பலகை மேல் இருந்தது. அதை எடுக்கவில்லை. தலையையும் முழுதாகத் திருப்பவில்லை.

"அதெல்லாம் முடியாதும்மா. பாஸ்வேர்டு உங்ககிட்டதானே இருக்கு."

"நெசமாத்தான் கேக்கேன் சார்."

"யாரும் படிக்க முடியாதும்மா."

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப அவதான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். போய்விட்டார்.

அவள் என்றால் யார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. எழுந்து ஓடிக் கூப்பிட நேரம் இருந்தது, லிஃப்ட் வர எப்போதும் தாமதமாகும். நான் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சியின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். என் வேலைக்குப் பயந்தேன் என்பதைவிட அது கேட்க நன்றாக இருந்தது.

நானும் ராயப்பேட்டைதான். சாயங்காலம் பெரும்பாலும் ஷகிலாவும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். மரகதம் போன பிறகு ஷகிலா மத்தியானம் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். விடுதிப் பெண்களுக்குச் செய்தி எப்படியோ பரவியிருந்தது. அவர் கணக்குக் கேட்டுப் போனால் முகம் கொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

"நான் டைப் அடிச்சேன் சார், அவ்ளோதான். அல்லா மேல ஆணையா யார்கிட்டயும் வாயத் தொறக்கல. அக்கா போன் பண்ணா எடுக்க மாட்டேங்குது."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"நீங்க கம்ப்யூட்டர்ல கீறவரு. வேற எப்டியாச்சும் வெளிய போயிருக்கும்னு ஒரு வார்த்த அதுங்கிட்ட சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேக்கும்."

"கொஞ்ச நாள் போனா சரியாயிடும்மா," என்றேன். தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது, வேறு வேலை இருக்கிறது என்று இறங்கிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அன்றிலிருந்து கொஞ்சம் தாமதமாகக் கிளம்ப ஆரம்பித்தேன்.

மகள் கல்யாணத்துக்கு ஷகிலா என்னையும் அழைத்தார். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்கள் என்று போனேன். ராயப்பேட்டையில் ஒரு மண்டபம். ஷகிலா புதுப் புடவையில் வாசலுக்கும் உள்ளேயும் நடந்துகொண்டிருந்தார். வருகிறவர்களை வரவேற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லோரும் வந்து முடித்த பிறகும் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"அக்கா வரும் சார். எம்மேல கோவம் இருந்தாலும் கொழந்த கல்யாணத்துக்கு வராம இருக்காது."

சாப்பிடச் சொல்லிக் கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்தார். பிரியாணி பரிமாறினார்கள். நான் சாப்பிட்டேன். இன்னொரு தடவையும் வாங்கிக்கொண்டேன். நான் கிளம்பும்போதும் ஷகிலா வாசலில்தான் நின்றிருந்தார். மரகதம் வரவில்லை.

இதற்கு மேலும் நான் சும்மாதான் இருந்தேன். பின்னால் உண்மை வெளியே வந்ததுகூட என்னால் இல்லை.

அடுத்த தீபாவளி வியாபாரம் தொடங்கியிருந்தது. கொள்முதல் பிரிவிலிருந்து புடவைப் படங்களைக் கட்டுக்கட்டாக மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் நகலும் காப்புப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. சின்ன அண்ணாச்சி முதலில் சில மாதங்கள் ஆர்வமாகப் படித்தவர், பிறகு விட்டுவிட்டார். பார்டர் எப்படி வெளியே போனது என்பதற்கு அவருக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. அழிக்கவும் ஆளில்லாமல் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. எல்லோருக்கும் வைத்த அளவைத்தான் அதற்கும் வைத்திருந்தேன்.

ஒரு காலையில் அது நிரம்பியது. நகல் போய்ச் சேராவிட்டால் அந்தத் தகவல் கடிதம் எழுதியவருக்கே திரும்பும். கையேட்டில் அது தெளிவாக எழுதியிருந்தது. நான் படித்துமிருந்தேன். பெட்டி நிரம்பும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை அலுவலகத்தில் யார் மெயில் அனுப்பினாலும் உடனே ஒரு பதில் வந்தது. உங்கள் கடிதம் 'காப்பு' என்ற முகவரிக்குப் போய்ச் சேரவில்லை, அந்தப் பெட்டி நிரம்பிவிட்டது என்று.

முதலில் கொள்முதலிலிருந்து ஒருவர் வந்தார். "பாலு சார், யாரு சார் இந்தக் காப்பு? நான் சேலத்துக்குத்தானே போட்டேன்?" அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அதற்குள் வாசலில் கூட்டமே சேர்ந்துவிட்டது. கையில் போனை நீட்டிக்கொண்டு, இல்லாவிட்டால் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு. மோகன் ஒரு காகிதத்தை வாங்கிப் படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

இப்படி ஒரு நாள் வந்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. அது வாயிலிருந்து தானாக வந்தது.

"ஒண்ணும் இல்ல. அது பேக்கப் பெட்டி. தவறி ஏதாவது அழிஞ்சு போச்சுன்னா எடுத்துத் தர்றதுக்கு. இடம் நிறைஞ்சுடுச்சு, சரி பண்ணிடறேன்."

ஓ, பேக்கப்பா என்றார்கள். வியாபாரம் தலைக்கு மேல் இருந்த நேரம். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கூட்டம் விலகியபோது வாசலில் ஷகிலா மட்டும் நின்றிருந்தார்.

"அக்கா எழுதுன லெட்டரும் அதுல கீதா சார்?"

கீழ்த் தளத்து ஒலிபெருக்கியில், மஞ்சள் சட்டை போட்ட குழந்தையின் பெற்றோர் நுழைவாயிலுக்கு வரவும் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அதுகூடத் தோன்றியது. ஆனால் அவர் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார், அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"இருக்கும்மா."

"அத யாரு தொறந்து பாப்பாங்க?"

"சின்ன அண்ணாச்சி."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் வச்சேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கில் ஏதோ உதைக்கிறது, எங்கே என்று தேடுகிறவரைப் போல என் முகத்தைப் பார்த்தார்.

"கல்யாணத்துல வந்து சாப்ட்டீங்களே சார்," என்றார்.

திரும்பிப் போய்விட்டார். மோகன் கதவைச் சாத்தினான்.

"எதுக்கு இந்த சாஃப்ட்வேர்னு நான் கேட்டேனே பாலு. காரணமெல்லாம் சொன்னியே."

"அது எல்லாம் உண்மைதான் மோகன்."

"அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

அன்றே சர்வரிலிருந்து அந்த வரியை எடுத்தேன். மோகன் பக்கத்தில் நின்று பார்த்தான், நான்தான் பார்க்கச் சொன்னேன். பிறகு அண்ணாச்சியின் அறைக்குப் போய், நகலை நிறுத்திவிட்டேன், இதுவரை எடுத்தோம் என்று எல்லோருக்கும் எழுதப்போகிறேன் என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். இந்த முறை உட்காரவில்லை.

அவர் கையிலிருந்த துணி மாதிரியைக் கீழே வைத்தார்.

"எழுதிக்கிடுங்க. ஆனா எல்லாரும் என்னைத்தான் பேசுவாங்க, இல்லா?" என்றவர், துணி மாதிரியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "நான் முடியுமான்னுதான சார் கேட்டேன்? இது சரியில்ல அண்ணாச்சின்னு நீங்க சொல்லியிருந்தா அத்தோட விட்டிருப்பேம்லா. நான் துணி விக்கவன், எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவங்கன்னு சொல்லித்தான உங்கள வச்சிருக்கோம்."

உண்மையிலேயே விட்டிருப்பாரா, பழியை என் பக்கம் தள்ளினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு ஆளை வைத்துச் செய்திருக்கவும் கூடும். ஆனால் என் வாயிலிருந்து அவர் ஒரு மறுப்பைக் கேட்டதே இல்லை. அதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தும் எனக்குச் சாதகமாக வரவில்லை. உங்களிடமும் ஒரு நாள் ஒருவர் முடியுமா என்று கேட்பார். உட்காரச் சொல்லித்தான் கேட்பார்.

எல்லோருக்கும் எழுதினேன். அதன் பிறகு அலுவலகத்தில் நான் நடந்து வந்தால் திரையைத் தாழ்த்துவார்கள். நகல் எடுத்தது யாருக்காக என்று தெரிந்தும் அண்ணாச்சியிடம் யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. அவர் முதலாளி, அப்படித்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னைத்தான் தங்களில் ஒருவன் என்று நினைத்திருந்தார்கள்.

மரகதம் கிடங்கு வேலையை எப்போதோ விட்டிருந்தார். அபிராமபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்கிறார் என்று விடுதிப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஷகிலாவிடம் போய், நான் அவரைப் பார்த்துச் சொல்லப்போகிறேன், நீங்களும் வருகிறீர்களா என்றேன்.

"நீங்க தனியா போங்க," என்றார் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வந்தா, நானே இட்டாந்து சொல்ல வச்ச மாதிரி இருக்கும்."

மாடி வீடு ஒன்றை விடுதியாக்கியிருந்தார்கள். மரகதம் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்க. காபி போடட்டா?" என்றார். வேண்டாம் என்று எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அண்ணாச்சி கேட்டது, நான் செய்தது, அவர் என்னிடம் வந்து கேட்டது, நான் சொன்ன பொய். வெங்காயம் உரிக்கும் கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"அப்ப ஷகிலா இல்ல."

"இல்லம்மா."

"அவ யார்கிட்டயும் சொல்லல."

"அவங்க டைப் அடிச்சதோட சரிம்மா."

என்னைத் திட்டுவதற்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை. அவர் வேறு எங்கேயோ இருந்தார்.

"பத்திரிகைய எடுத்துக்கிட்டு குடோன் வரைக்கும் வந்தா சார். அந்த வெயில்ல. அக்கா, அக்கான்னு கதவத் தட்டுதா. நான் உள்ளதான் இருக்கேன். தொறக்கலயே. கதவுக்கு அடியில பத்திரிகைய வச்சிட்டுப் போனா. அதையும் எடுத்துப் பிரிச்சுப் பாக்கல." வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளினார். "அந்தக் கல்யாணத்த இனிமே யாரு திருப்பி நடத்துவா?"

என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "கல்யாணத்துக்கு நீங்க போயிருந்தீங்களா?" என்றார்.

"போயிருந்தேன்."

"பிள்ள என்ன கலர் உடுத்தியிருந்தா? பச்சையா?"

எனக்கு ஞாபகம் இல்லை. நான் பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை, தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன். தெரியவில்லை அம்மா என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. ஷகிலா கல்யாணப் படங்களை வெளியூரில் இருந்த உறவுக்காரர்களுக்கு அலுவலக மெயிலில் அனுப்பியது எனக்குத் தெரியும். நகலை நிறுத்தியிருந்தோமே தவிர, சேர்ந்து கிடந்ததை இன்னும் அழிக்கவில்லை.

"போட்டோ இருக்கும்மா. நான் எடுத்துத் தரேன்," என்றேன்.

"உங்ககிட்ட எப்படி இருக்கு?"

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், அதே பெட்டியைத் திறந்து இன்னொருத்தியின் கடிதத்தை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இந்த முறை நல்ல எண்ணத்தோடு. அவருக்கும் அது புரிந்தது. மறுநாள் மோகனும் நானும் அந்தப் பெட்டியை மொத்தமாக அழித்தோம்.

"வேண்டாம் சார்," என்றார் மரகதம். "நான் அவகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். வெங்காய நெடியில் அவர் கண்கள் ஏற்கனவே கலங்கித்தான் இருந்தன. போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் எழுந்து வெளியே வந்தேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, அந்தக் குரல் காதில் விழாத தூரம் வரை நடந்துபோய் நின்றுகொண்டேன்.